கடன் கொப்பிச் செயலி: போன் மாறினாலும் கணக்கு மாறாமல் இருக்க

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்குக் கடன் கணக்குச் செயலி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் சரக்கு எடுத்தார், எவ்வளவுக்கு எடுத்தார், எவ்வளவு கட்டினார், எந்தத் திகதியில். இதைத் திரையில் காட்டுவது பெரிய வேலையில்லை. போன் சார்ஜ் இறங்கி அணைந்தாலும், செயலியின் அடுத்த பதிப்பு வந்தாலும், முதலாளி புதுப் போன் வாங்கினாலும் அந்தக் கணக்கு ஒரு சதமும் பிசகாமல் இருக்க வேண்டும். வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அன்ட்ராய்டு, கோட்லின் என்ற நிரலாக்க மொழி, ரூம் என்ற தரவுத்தள நூலகம் ஆகியவற்றை வைத்து அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

எதை எங்கே வைப்பது

ஒரு செயலிக்குள் மூன்று விதமான தரவு இருக்கும். மூன்றையும் ஒரே இடத்தில் போடுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

முதலாவது, அமைப்புகள்: தமிழா சிங்களமா, எழுத்தின் அளவு என்ன, பில்லின் தலையில் வரும் கடைப் பெயர் என்ன. இவற்றுக்கு, சிறு அமைப்புகளைச் சேமிக்கும் அன்ட்ராய்டு நூலகமான டேட்டாஸ்டோர் போதும். பழைய ஷேர்ட் பிரிஃபரன்சஸ் இன்னும் வேலை செய்யும், ஆனால் அது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ஒரு மதிப்பை மாற்றினாலும் முழுக் கோப்பும் திரும்ப எழுதப்படும். அதில் 'கமிட்' என்று அழைத்தால் எழுதி முடியும்வரை திரை உறையும். 'அப்ளை' என்றால் உடனே திரும்பிவிடும், ஆனால் எழுத முடியாமல் போனாலும் உங்களுக்குச் சொல்லாது. வாடிக்கையாளர் பட்டியலை ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவாக்கி இதற்குள் திணிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு பேர் வரை ஓடும், ஆயிரம் பேரானால் செயலி திறக்கவே தயங்கும். டேட்டாஸ்டோரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு கோப்புக்கு ஒரே ஒரு டேட்டாஸ்டோர் பொருள்தான் இருக்கலாம். இரண்டு இடத்தில் உருவாக்கினால் 'இல்லீகல் ஸ்டேட்' பிழையோடு விழும்.

இரண்டாவது, கணக்கு. இது எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு உரியது. எஸ்கியூலைட் எல்லா அன்ட்ராய்டு போனிலும் ஏற்கெனவே இருக்கிறது. ரூம் அதன் மேல் ஒரு பாதுகாப்பான உறை, அவ்வளவுதான்.

மூன்றாவது, படங்கள்: கைப்பட எழுதிய சிட்டையின் போட்டோ, காசோலையின் போட்டோ. இவற்றைத் தரவுத்தளத்துக்குள் வைக்காதீர்கள். அன்ட்ராய்டு தரவுத்தளத்திலிருந்து வரிசைகளைப் படிக்கும் ஜன்னலின் அளவு சுமார் 2 மெகாபைட். அதைவிடப் பெரிய ஒரு படத்தை எழுதும்போது ஒன்றும் ஆகாது, படிக்கும்போது செயலி விழும். படத்தைச் செயலியின் உள் 'ஃபைல்ஸ்' கோப்புறையில் போட்டு, கோப்பின் பெயரை மட்டும் அட்டவணையில் எழுதுங்கள். முழுப் பாதையை எழுத வேண்டாம், போன் மாறினால் பாதையும் மாறலாம். 'கேஷ்' கோப்புறையில் போடவே கூடாது. போனில் இடம் குறைந்தால் சிஸ்டம் கேட்காமலே அதைக் காலி செய்துவிடும்.

ஐபோனிலும் பிரிவு இதேதான். அமைப்புகளுக்கு யூசர் டிஃபால்ட்ஸ், கணக்குக்கு கோர் டேட்டா அல்லது 2023இல் வந்த ஸ்விஃப்ட் டேட்டா. ஃபிளட்டரில் எழுதுபவர்களுக்கு எஸ்கியூஃப்ளைட் அல்லது டிரிஃப்ட். கீழே அட்டவணை பற்றிச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தும்.

அட்டவணையின் நிரல்கள்

நிரல் என்பது இங்கே அட்டவணையின் மேலிருந்து கீழான பத்தி (column). இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பிறகு திருத்துவது கடினம்.

பணத்தை டபுள் (தசம எண்) வகையில் வைக்காதீர்கள். 0.1 என்பதைப் பத்துத் தடவை கூட்டினால் டபுள் கணக்கில் 1 வராது, 0.9999999999999999 வரும். கடன் கணக்கில் மீதி பூச்சியம் ஆக வேண்டிய ஆளுக்குப் பூச்சியத்தின் அருகில் ஏதோ ஒன்று நிற்கும், "இன்னும் பாக்கி" என்று திரை சொல்லும். தொகையைச் சதமாக, முழு எண்ணாக வையுங்கள். 1,250.50 ரூபா என்றால் 125050. வகை 'லாங்' (பெரிய முழு எண்) ஆக இருக்கட்டும். 'இன்ட்' என்று போட்டால் அதன் எல்லை 2,147,483,647. சதத்தில் அது சுமார் 2 கோடியே 14 இலட்சம் ரூபாதான். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் மொத்தப் பாக்கிக்கு அது போதாமல் போகலாம். எல்லையைத் தாண்டினால் எண் கழித்தலாகப் புரண்டுவிடும், எச்சரிக்கை எதுவும் வராது.

தொலைபேசி எண்ணை எண்ணாக வைக்காதீர்கள், எழுத்தாக வையுங்கள். எண்ணாக வைத்தால் 077 என்பதன் முதல் பூச்சியம் பறந்துவிடும். தேசிய அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். பழைய அட்டையில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஆனால் கடன் கொப்பிக்கு அந்த எண் தேவையா என்று முதலில் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், தேவையில்லாத ஒன்றைச் சேர்த்து வைப்பது வீண் தலையிடி.

நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் ஓடும் மில்லி செகண்டாக, லாங் வகையில் வையுங்கள். அது உலகப் பொது நேரம். நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். இதை மறந்தால் எங்கே உதைக்கும் என்று பாருங்கள். பேலியகொடை மெனிங் சந்தையில் விடியற்காலை 4 மணிக்கு மரக்கறி எடுத்தவரின் பதிவு, பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 10.30. எஸ்கியூலைட்டின் 'டேட்' செயற்கூறை (function) அப்படியே பயன்படுத்தி நாள்வாரியாகக் கூட்டினால், அந்த விற்பனை நேற்றைய கணக்கில் விழும். பகல் 10 மணிக்குத் திறக்கும் கடையில் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. வழி இதுதான்: கோட்லின் பக்கத்தில் 'ஏசியா/கொலம்போ' நேர வலயத்தை எடுத்து, அந்த நாள் தொடங்கும் நொடியையும் அடுத்த நாள் தொடங்கும் நொடியையும் மில்லி செகண்டாகக் கணித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வரிசைகளைக் கேளுங்கள். தொடக்கம் சேரும், முடிவு சேராது. நேர நிரலில் இன்டெக்ஸ் (தேடலுக்கான சுட்டிப் பட்டியல்) இருந்தால் தேடலும் வேகமாகும்.

அடுத்தது பெயர். தமிழில் எழுதும்போது வரும் சிக்கல் இது. 'கொட்டாஞ்சேனை' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்தால் 6 பைட். க, அதோடு ஒற்றைக் கொம்பு, அதோடு கால் என்று மூன்று துண்டாக வந்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எஸ்கியூலைட்டோ பைட்டைத்தான் ஒப்பிடும். ஒரு கீபோர்டில் பதிந்த பெயரை இன்னொரு கீபோர்டில் தேடினால் "இல்லை" என்று வரும். கடைப் பையன் அதே ஆளுக்கு இன்னொரு கணக்குத் திறப்பான், பாக்கி இரண்டாகப் பிரியும். ஜாவாவின் 'நார்மலைசர்' கொண்டு எல்லாப் பெயரையும் என்எஃப்சி (துண்டுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு) வடிவத்துக்கு மாற்றுங்கள். சேமிக்கும்போதும் மாற்ற வேண்டும், தேடல் பெட்டியில் வந்த சொல்லையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் பயனில்லை. ஔ எழுத்தை ஒ, ள என்று தட்டியவரை என்எஃப்சியும் காப்பாற்றாது. அதற்குத் தனியாக ஒரு மாற்று வரி எழுத வேண்டும்.

வரிசைப்படுத்தலும் அதே குடும்பம். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் இருக்கிறது. எஸ்கியூலைட்டிடம் பெயர்வரிசை கேட்டால் ஆனந்தன் முதலிலும் ஆறுமுகம் பிறகும் வருவார்கள். அகராதி வரிசைப்படி ஆறுமுகம்தான் முதல். சில நூறு பெயர்தான் என்றால் பட்டியலை எடுத்துவிட்டு, தமிழ் மொழிக்கான 'கொலேட்டர்' கொண்டு கோட்லினிலேயே வரிசைப்படுத்துங்கள்.

ரூமை நிறுவி எழுதுவது

செயலியைக் கட்டும் கிரேடில் கோப்பில் ரூம் ரன்டைமைச் சேருங்கள், ரூம் 2.7க்கு முந்திய பதிப்பென்றால் ரூம் கேடிஎக்ஸையும். ரூம் கம்பைலரைக் கேஎஸ்பி (கட்டும்போது குறியீட்டை உருவாக்கும் கருவி) வழியாகச் சேருங்கள். கம்பைலரை மறந்தால் கட்டும்போது பிழை காட்டாது, ஓடும்போது 'இம்ப்ள்' என்று முடியும் ஒரு கிளாஸ் இல்லை என்று சொல்லி விழும். அந்தச் செய்தியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இரண்டு என்டிட்டி (ஒரு அட்டவணையைக் குறிக்கும் கிளாஸ்) போதும். வாடிக்கையாளர்: ஐடி, பெயர், தொலைபேசி, ஊர். பதிவு: ஐடி, வாடிக்கையாளர் ஐடி, சதத்தில் தொகை, நேரம், குறிப்பு. சரக்கு எடுத்தால் தொகை கூட்டல், காசு கட்டினால் கழித்தல். பதிவில் உள்ள வாடிக்கையாளர் ஐடியை ஃபாரின் கீ (மற்ற அட்டவணையின் வரிசையைச் சுட்டும் நிரல்) ஆக்கி, அதற்கு இன்டெக்ஸும் போடுங்கள்.

'மீதி' என்று ஒரு நிரல் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். பதிவு ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமும் இருந்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது. பதிவுகளைக் கூட்டினால் மீதி வருகிறது. பத்தாயிரம் வரிசையைக் கூட்டுவது எஸ்கியூலைட்டுக்கு ஒன்றுமேயில்லை. கூட்டும் வினாவில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) இரண்டு அட்டவணையையும் 'லெஃப்ட் ஜாயின்' செய்யுங்கள். சாதாரண ஜாயின் போட்டால், இன்னும் ஒரு பதிவும் இல்லாத புது வாடிக்கையாளர் பட்டியலிலேயே தெரியமாட்டார். அப்படிப்பட்டவருக்குக் கூட்டுத்தொகை 'நல்' (வெற்று மதிப்பு) ஆக வரும். 'இஃப் நல்' போட்டு அதைப் பூச்சியமாக்குங்கள்.

பதிவை அழிப்பதும் திருத்துவதும் வேண்டாம். நல்ல கணக்கப்பிள்ளை கொப்பியில் அடித்துத் திருத்துவதில்லை, எதிர்ப்பதிவு போடுவார். செயலியும் அப்படியே நடக்கட்டும். 5,000 என்று தவறாகப் போட்டால் கழித்தல் 5,000 என்று ஒரு வரி, பிறகு சரியான வரி. இந்த இரண்டையும் ஒரே 'டிரான்சாக்ஷன்' குறியிட்ட செயற்கூறுக்குள் எழுதுங்கள். நடுவில் போன் அணைந்தால் இரண்டும் இருக்கும் அல்லது இரண்டும் இராது.

வினாக்கள் இரண்டு வகை. ஒருமுறை எழுதுவதும் படிப்பதும், திரையை நிறுத்தாமல் காத்திருக்கக்கூடிய 'சஸ்பெண்ட்' செயற்கூறுகளாக இருக்கட்டும். திரையில் எப்போதும் தெரியும் பட்டியல் 'ஃப்ளோ' ஆக இருக்கட்டும், அட்டவணை மாறியதும் அது தானாகப் புதுப்பிக்கும். திரையை இயக்கும் பிரதான திரெட்டில் வினா ஓட்டினால் ரூம் மறுத்துப் பிழை எறியும். அதை வாயடைக்க 'அலவ் மெயின் திரெட்' என்று ஒரு வழி இருக்கிறது. சோதனைக் கோப்புக்கு வெளியே அதைப் பயன்படுத்த ஒரு நியாயமும் இல்லை.

தரவுத்தளப் பொருளைச் செயலி முழுவதற்கும் ஒன்றாக வையுங்கள். இரண்டு பொருள் இருந்தால் ஒன்றில் எழுதியதை மற்றதன் ஃப்ளோ அறியாது. காசு கட்டிய பிறகும் பட்டியலில் பழைய மீதியே நிற்கும்.

எப்போது சேமிப்பது? 'பதி' பொத்தானை அழுத்திய அந்தக் கணமே. திரை அழியும்போது அழைக்கப்படும் 'ஆன் டிஸ்ட்ராய்' வரும்போது மொத்தமாகச் சேமிக்கலாம் என்று விடாதீர்கள், அது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நினைவகம் போதாமல் சிஸ்டம் செயலியைக் கொல்லும்போது எதையும் கூப்பிட்டுச் சொல்லாது. பாதி தட்டிய தொகைக்கு மட்டும் 'சேவ்ட் ஸ்டேட் ஹாண்டில்' போதும்.

ரிப்ளேஸ் என்ற பொறி

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டும். 'இன்சர்ட்' குறியில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் ரிப்ளேஸ்' என்று போட்டால் புதுசும் பழசும் ஒரே செயற்கூறில் முடிந்துவிடும் என்று பல பாடங்களில் இருக்கும். எஸ்கியூலைட்டில் ரிப்ளேஸ் என்றால் பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதிதாக நுழைப்பது. ஃபாரின் கீயில் 'கேஸ்கேட்' இருந்தால், வாடிக்கையாளர் வரிசை அழியும் அந்தக் கணத்தில் அவருடைய எல்லாப் பதிவுகளும் சேர்ந்து அழியும். பிழைச் செய்தி வராது. எண் மாறியிருக்கும், பாக்கி பூச்சியமாகியிருக்கும். வாடிக்கையாளருக்குச் சந்தோஷம்.

ரூம் 2.5 முதல் 'அப்செர்ட்' என்ற குறி இருக்கிறது. அது முதலில் நுழைக்கப் பார்க்கும், ஐடி ஏற்கெனவே இருந்தால் அந்த வரிசையைப் புதுப்பிக்கும், எதையும் அழிக்காது. ஃபாரின் கீயைக் கேஸ்கேட் ஆக வைக்காமல் 'ரெஸ்ட்ரிக்ட்' ஆக வையுங்கள். அப்போது பதிவு உள்ள ஆளை யார் அழிக்கப் பார்த்தாலும் தரவுத்தளமே தடுக்கும்.

இரண்டாம் பதிப்பு

முதல் பதிப்பு எப்படியும் ஓடிவிடும். கடைக்காரர் மூன்று மாதம் கழித்து "ஒவ்வொரு ஆளுக்கும் கடன் எல்லை வைக்க வேண்டும்" என்பார். நீங்கள் என்டிட்டியில் ஒரு நிரல் சேர்ப்பீர்கள். இங்கே மூன்று விதமாக விழலாம்.

தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணை ஏற்றாமல் விட்டால், தரவின் ஒழுங்கைச் சரிபார்க்க முடியவில்லை என்று ரூம் விழும். எண்ணை 2 ஆக ஏற்றி மைக்ரேஷன் (பழைய அட்டவணையைப் புது வடிவுக்கு மாற்றும் கட்டளை) எழுதாவிட்டால், 1இலிருந்து 2க்கு மைக்ரேஷன் தேவை என்று விழும். இந்த இரண்டும் நல்ல விழுதல்கள், தரவு அப்படியே இருக்கும். மூன்றாவதுதான் மோசம். அந்தச் செய்தியை இணையத்தில் தேடினால் 'ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்' என்று ஒரே வரியில் தீர்வு கிடைக்கும். செயலி உடனே திறக்கும், உள்ளே ஒரு வாடிக்கையாளரும் இருக்கமாட்டார். அந்த வரி எல்லா அட்டவணையையும் அழித்துப் புதிதாகக் கட்டுகிறது. வெளியிடும் பதிப்பில் அது இருக்கவே கூடாது.

சரியான மைக்ரேஷன் ஒரு வரிதான்: வாடிக்கையாளர் அட்டவணையை 'ஆல்ட்டர்' செய்து, கடன் எல்லை என்ற முழு எண் நிரலை 'நாட் நல்', 'டிஃபால்ட் 0' என்று சேர்ப்பது. டிஃபால்ட் இல்லாமல் நாட் நல் நிரலைச் சேர்க்க எஸ்கியூலைட் விடாது. மைக்ரேஷன் முடிந்ததும் ரூம் அட்டவணையை என்டிட்டியோடு ஒப்பிடும். கோட்லினில் கேள்விக்குறி இல்லாத 'லாங்' என்றால் நிரல் நாட் நல் ஆகவே இருக்க வேண்டும், கேள்விக்குறி இருந்தால் இருக்கக் கூடாது. இன்டெக்ஸ்களும் ஒத்திருக்க வேண்டும். பிழைச் செய்தியில் 'எதிர்பார்த்தது', 'கிடைத்தது' என்று இரண்டு நீண்ட வரிகள் வரும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள், எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்துவிடும்.

நிரலின் வகையை மாற்ற ஆல்ட்டரால் முடியாது. புது அட்டவணை கட்டி, தரவை நகலெடுத்து, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்ட வேண்டும். பணத்தை டபுளில் தொடங்கியவர்கள் சதத்துக்கு மாறும் வழியும் இதுதான். நகலெடுக்கும்போது 100ஆல் பெருக்கி 'ரவுண்ட்' செய்த பிறகே முழு எண்ணாக்குங்கள். ரவுண்ட் இல்லாமல் வெட்டினால் சில வரிசைகளில் ஒரு சதம் குறையும்.

முதல் பதிப்பிலிருந்தே ஸ்கீமா (அட்டவணை அமைப்பு) ஏற்றுமதியை இயக்கி, அந்த ஜேசன் கோப்புகளைக் கிட் (Git) களஞ்சியத்தில் சேருங்கள். மைக்ரேஷன் சோதனைக்கும், ரூம் 2.4இல் வந்த தானியங்கி மைக்ரேஷனுக்கும் அவை வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது.

வெளியே ஒரு பிரதி

அன்ட்ராய்டு 6 முதல் தானியங்கி பேக்கப் உண்டு, ஒரு செயலிக்கு 25 மெகாபைட் வரை பயனரின் கூகுள் கணக்குக்குப் போகும். போன் சும்மா இருந்து, பொதுவாக வைஃபையில் இருந்தால்தான் ஓடும். நாள் முழுவதும் டேட்டாவில் ஓடி, வைஃபையைக் காணாத கடைப் போனில் அதை நம்ப முடியாது. 'பிரதி எடு' என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

ரூம் வழக்கமாக டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் ஒரு பக்கக் கோப்பில் எழுதும்) முறையில் எழுதுகிறது. முதன்மைக் கோப்போடு, 'வால்' என்றும் 'எஸ்எச்எம்' என்றும் முடியும் இரண்டு கோப்புகள் பக்கத்தில் இருக்கும். கடைசியாகப் போட்ட பதிவுகள் வால் கோப்பில் இருக்கலாம். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், இன்று போட்ட கணக்கு பிரதியில் இராது. நகலெடுக்கும் முன் 'வால் செக்பாயிண்ட்' என்ற பிராக்மா கட்டளையை 'டிரன்கேட்' என்ற மதிப்போடு ஓட்டுங்கள். அது ஒரு வரிசையைத் திருப்பித் தருவதால் வினாவாக ஓட்ட வேண்டும், 'எக்ஸெக்' வழியாக ஓட்டினால் பிழை வரும். வரும் வரிசையின் முதல் எண் 0 என்றால்தான் எல்லாம் இறங்கியது. 1 என்றால் யாரோ இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள், சற்றுப் பொறுத்துத் திரும்ப ஓட்டுங்கள். பிறகு 'கிரியேட் டாக்குமென்ட்' வழியாக எங்கே வைப்பது என்று பயனரையே கேளுங்கள். அதற்குச் சேமிப்பக அனுமதி எதுவும் தேவையில்லை.

மீட்கும்போது ஒழுங்கு முக்கியம். வந்த கோப்பில் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டி 'ஓகே' வருகிறதா என்று முதலில் பாருங்கள். ரூமை மூடுங்கள், பழைய மூன்று கோப்புகளையும் அழியுங்கள், பிரதியை வையுங்கள், செயலியைத் திரும்பத் தொடங்குங்கள். பழைய வால் கோப்பைப் புதுக் கோப்பின் பக்கத்தில் விட்டால் தரவுத்தளம் சிதையும். பதிப்பு எண் தரவுத்தளக் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பழைய பிரதியை மீட்டாலும் மைக்ரேஷன்கள் தாமாக ஓடும். புதுப் பதிப்பின் பிரதியைப் பழைய செயலியில் திறக்கத்தான் முடியாது.

கணக்காளருக்கு அனுப்பச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) கேட்பார்கள். கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 பிஓஎம் (எழுத்துக் குறிமுறையைச் சொல்லும் அடையாளம்) மூன்று பைட்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் எக்ஸெல்லில் தமிழும் சிங்களமும் குப்பையாகத் தெரியும். தொலைபேசியின் முதல் பூச்சியத்தை எக்ஸெல் அப்போதும் விழுங்கும். ஆகவே சிஎஸ்வியைப் பார்க்கவும் அச்சிடவும் மட்டும் வையுங்கள், மீட்பதற்குத் தரவுத்தளக் கோப்பு.

கடைக்குக் கொடுக்கும் முன்

பழைய பதிப்பின் ஏபிகேயை (நிறுவல் கோப்பை) நிறுவி, கொஞ்சம் கணக்குப் போட்டு, அதை நீக்காமல் மேலேயே புதுப் பதிப்பை நிறுவிப் பாருங்கள். அன்ட்ராய்டு ஸ்டூடியோவிலிருந்து தினமும் நீக்கி நீக்கி ஓட்டுபவருக்கு மைக்ரேஷன் பிழை தெரியவே தெரியாது. டெவலப்பர் ஆப்ஷனில் ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காமல் உடனே அழிக்கும் தெரிவை இயக்கி, பாதி தட்டிய நிலையில் அழைப்பு ஒன்றை எடுத்துத் திரும்புங்கள். போனின் நேரத்தை விடிய 4 மணிக்கு வைத்து ஒரு பதிவு போட்டு, அது எந்த நாளில் விழுகிறது என்று பாருங்கள். பத்தாயிரம் போலிப் பதிவுகளை நிரப்பிப் பட்டியலை உருட்டுங்கள். இதை உங்கள் நல்ல போனில் அல்ல, கடையில் பாவிக்கும் அதே மலிவான போனில் செய்யுங்கள். கடைசியாக, பிரதி எடுத்து, செயலியை முழுதாக நீக்கி, வேறொரு போனில் மீட்டுப் பாருங்கள். இரண்டு போனிலும் மொத்தப் பாக்கி சதம் வரை ஒன்றாக இருந்தால் கொடுக்கலாம்.